மூன்று விமானிகளும் ஓட்டத் தெரியாதவர்களா?

அன்புள்ள ஐயா,

என் மகன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்த என் தம்பி, 2009இல் அத்திலாந்திக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் கதையைச் சொன்னான். வேகம் காட்டும் கருவி ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பழுதாக இருந்ததாம். மூன்று விமானிகள் இருந்தும் நல்ல விமானத்தைக் கடலில் விழுத்திவிட்டார்களாம். "மெஷின் பிழை விடாது அக்கா, மனிசன்தான் பிழை விடுவான்" என்கிறான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? என் பிள்ளையும் அப்படித் தடுமாறினால்?

துஷ்யந்தி, வெள்ளவத்தை

அன்புள்ள துஷ்யந்தி,

தம்பி சொன்ன விபரங்கள் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கமாட்டேன்.

விமானத்தின் மூக்கருகே பிட்டோ குழாய் எனும் சிறு குழாய்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அவற்றுக்குள் அமுக்கும் அளவை வைத்தே வேகம் கணக்கிடப்படுகிறது. 2009 ஜூன் 1ஆம் திகதி இரவு, ரியோவிலிருந்து பாரிசுக்குப் போன அந்த ஏர்பஸ் ஏ330 முகிலுக்குள் புகுந்தபோது பனித்துகள் அந்தக் குழாய்களை அடைத்தது. கருவிகள் காட்டிய வேகங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதும் ஆட்டோ பைலட் தானாக விலகிக்கொண்டது. கப்டன் ஓய்வில் இருந்தார். இருக்கைகளில் இரண்டு துணை விமானிகள், உயரம் 35,000 அடி, வெளியே கும்மிருட்டு. காலி வீதியில் ஓடும் பஸ்ஸுக்கு ஸ்பீடோமீட்டர் பழுதானால் சாரதி வீதியைப் பார்த்தே வேகத்தைக் கணித்துக்கொள்வார். இவர்களுக்குப் பார்க்க எதுவும் இல்லை.

மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் இருந்தபடியே வைத்திருந்தால் போதும், விமானம் பறந்துகொண்டிருக்கும். ஆனால் ஓட்டியவர் பிடியைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் 38,000 அடி வரை ஏறி, வேகம் குறைந்து, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தது. அந்த நிலையை ஸ்டால் என்பார்கள்.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் உங்கள் தம்பி அறியவேண்டும். ஸ்டால் எச்சரிக்கை தொடர்ந்து 54 விநாடிகள் ஒலித்தது. பிறகு மூக்கு மிக மேலே நிமிர்ந்து, கருவி அளந்த வேகம் 60 நொட்டுக்கும் (மணிக்குச் சுமார் 110 கிலோமீற்றர்) கீழே போனதும், தனக்கு வரும் தரவு நம்பத் தகாதது என்று கணினி எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. மூக்கைக் கீழே இறக்கும்போது தரவு மறுபடி செல்லுபடியாகும்; உடனே எச்சரிக்கையும் ஒலிக்கும். அதாவது சரியானதைச் செய்தால் அலறல், பிழையானதைச் செய்தால் அமைதி! அந்த இருட்டில், அந்தப் பதற்றத்தில், எந்த மனிதன் இதை விளங்கிக்கொள்வான்? பக்கத்தில் இருந்தவரின் பிடியும் இவருடைய பிடியோடு சேர்ந்து அசையாது. ஆகவே இவர் இழுத்துக்கொண்டிருப்பது அவர் கைக்குத் தெரியாது. கப்டன் திரும்பி ஓடிவந்தபோது விமானம் விழுந்துகொண்டிருந்தது. 228 பேரும் இறந்தார்கள்.

பிரெஞ்சு விசாரணைக் குழு 2012இல் வெளியிட்ட இறுதி அறிக்கை விமானிகளின் கைப்பிழையை மறைக்கவில்லை. கூடவே ஒன்றையும் எழுதியது: உயரத்தில் வேகமானி பழுதாகும்போது கையால் ஓட்டும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குத் தரப்பட்டிருக்கவில்லை. அந்த வகைக் குழாய் பனியில் அடைபடுவது முன்னமே தெரிந்த விடயம். மாற்றும் வேலையும் தொடங்கியிருந்தது. இந்த விமானத்துக்கு இன்னும் மாற்றப்படவில்லை. அந்தப் பயிற்சித் திட்டத்தை எழுதியவர்களும் மனிதர்கள்தானே?

இன்னொரு ஏ330 கதையையும் தம்பிக்குச் சொல்லுங்கள். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில், குளவி கூடு கட்டாதிருக்கப் பிட்டோ குழாய்களுக்குப் போட்ட உறைகளைக் கழற்றாமலே மலேசியா எயர்லைன்ஸ் விமானம் ஒன்று கிளம்பிவிட்டது. புறப்படுமுன் அதைப் பலர் கவனிக்கத் தவறினார்கள். மேலே போன பிறகோ விமானிகள் கைநூலில் உள்ள முறையைப் பின்பற்றினார்கள். காற்றுத் தரவுக் கணினிகள் மூன்றையும் அணைத்து, இறக்கையில் காற்று மோதும் கோணத்திலிருந்து வேகத்தைக் கணிக்கும் மாற்று அளவுகோலை எடுத்து, ஒரு மணித்தியாலத்தில் இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. முறை ஒன்று எழுதப்பட்டிருந்தது, கருவியும் இருந்தது, அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

நம் மலையகத்திலும் ஒரு விபத்து உண்டு. 1974 டிசம்பர் 4, ஹஜ் யாத்திரிகர்களோடு சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா நோக்கி வந்த டச்சு விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தனர். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்தார்கள் என்றது அறிக்கை. அதற்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இன்னொரு விமானம் மலையில் மோதியிருந்தது. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பயணிகள் விமானங்களில் பொருத்தவேண்டும் என்று அந்நாடு அதன் பின்பே கட்டளையிட்டது. விமானிதான் பிழை என்று கோப்பை மூடியிருந்தால் அந்தக் கருவி கட்டாயமாகியிருக்காது.

மகன் தடுமாறுவானா என்று கேட்டீர்கள். தடுமாறுவான், அம்மா, எவரும் தடுமாறுவார்கள். முதல் தடவை தடுமாறுவது பயிற்சியில் நடக்கட்டும். வேகமானியை மறைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் பாடம் அவனுக்கு நடந்துவிட்டதா, எத்தனை தடவை நடந்தது, ஸ்டாலிலிருந்து மீளப் பழகினானா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஆசிரியரிடம் அவனே கேட்கட்டும். மேலதிகப் பறப்பு மணிகளுக்குக் காசு கூடும் என்று தெரியும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.