புயலடித்த ஊரில் கணக்கெடுப்பு எதற்கு?

கேள்வி: புயல் பாதித்த இடத்துக்கு மருத்துவரும் மீட்புப் படையினரும் போவது புரிகிறது. நோய்ப்பரவியல் வல்லுநர்களையும் அனுப்புகிறார்களே, கொள்ளைநோய் எதுவும் பரவாதபோது அவர்களுக்கு அங்கே என்ன வேலை?
– கடலூர் வாசகர்

பதில்: யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள், இரு சாராருக்கும் இடையே என்ன வேறுபாடு இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இத்துறையின் அடிப்படை வேலை. இந்த ஒப்பீடு காலராவுக்கு எவ்வளவு பொருந்துமோ, ஊருக்குள் புகுந்த கடலுக்கும் அவ்வளவு பொருந்தும்.

1970 நவம்பர் 12 அன்று, இன்றைய வங்கதேசத்தின் கரையைப் போலா புயல் தாக்கியது. டாக்காவின் காலரா ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, குறைந்தது 2,24,000 பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். உயிர் தப்பியவர்கள் பலருக்கு மார்பிலும் கைகளிலும் தொடைகளின் உட்புறத்திலும் தோல் உராய்ந்து புண்ணாகியிருந்தது. வெள்ளம் வடியும்வரை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததால் வந்த காயம் அது. அப்படிப் பிடித்துக்கொள்ள வலுவில்லாத சிறுவர்களும் முதியவர்களுமே அதிகம் மாண்டார்கள். மருத்துவக் குழுக்களுக்கான தேவை அங்கே குறைவாகவே இருந்தது. வீடும், அடுத்த அறுவடைவரை உணவும், உழவுக்கு வேண்டிய மாடும் கருவிகளுமே உடனடித் தேவைகள் என்பதும் அந்தக் கணக்கெடுப்பில்தான் தெரியவந்தது. கணக்கெடுக்காமல் மருந்துப் பெட்டிகளை அனுப்பி வைப்பது நிவாரணம் அளிப்பவர்களின் மனத்துக்குத்தான் ஆறுதல்.

1991 ஏப்ரலில் அதே நாட்டில் மீண்டும் ஒரு பெரும்புயல் வீசி, சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அதன்பின் நடந்த ஆய்வொன்றில், செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தை அடைந்தவர்கள் அனைவரும் பிழைத்திருந்ததும், அடையாதவர்களில் 22 சதவீதம் பேர் இறந்திருந்ததும் தெரிந்தது. நாற்பது வயதைக் கடந்த பெண்களில் 31 சதவீதம் பேர் மாண்டிருந்தார்கள். கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, அங்கே வந்து சேரத் தயங்குபவர்கள் யார், ஏன் என்பதையும் பார்க்க வேண்டும். பிற்காலப் புகலிடங்கள் பலவற்றில் பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைகளுக்கு இடமும் ஒதுக்கப்பட்டது இதனால்தான். 2007 நவம்பரில் வந்த சிடர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். வீடுவீடாக எச்சரித்த தொண்டர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதால், புகலிடங்களால் மட்டுமே சாவு குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: சடலங்களை உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வரும் என்பது உண்மையா?
– நாகப்பட்டினம் வாசகி

பதில்: நீரில் மூழ்கியோ இடிபாட்டில் சிக்கியோ இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை. ஆபத்து, உயிரோடிருப்பவர்கள் நெருக்கியடித்து வாழும் முகாம்களில் இருக்கிறது. 1994இல் ருவாண்டாவிலிருந்து ஓடி வந்து, அண்டை நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரில் தங்கிய அகதிகளில் ஏறத்தாழ 50,000 பேர் முதல் மாதத்திலேயே இறந்தார்கள்; பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். அங்கே எரிமலைப் பாறை நிலத்தில் குழி வெட்ட முடியாமல் உடல்களைச் சாலையோரம் கிடத்தினார்கள். அவற்றை லாரிகளில் ஏற்றும்போது எடுத்த எண்ணிக்கையே சாவு விகிதத்தைக் கணிக்க உதவியது. முகாமில் பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு சாவு என்ற அளவை எட்டினாலே அதை நெருக்கடி நிலையாகக் கொள்வார்கள். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவை குடிநீரும் கழிப்பிடமும் தட்டம்மைத் தடுப்பூசியும்தான். சடலங்களைப் படமெடுத்து, எண்ணிட்டு, குடும்பத்தார் அடையாளம் காண அவகாசம் தந்து அடக்கம் செய்யலாம்.