இரண்டரை வயதுப் பையன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. அடித்தால்தான் அடங்குவானா?

மும்பையில் ஒரு பெட்ரூம் வீடு, பையன் எந்நேரமும் பாத்ரூமுக்கும் அடுப்புக்கும்தான் ஓடுகிறான், "அடியாத மாடு படியாது" என்று மாமியார் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அடிக்காதீர்கள். முதலில் பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

நான் செம்பூரில் என் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஊரார் பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அதனால் பிள்ளைகளைத் திருத்துவதற்கு முன் வீட்டைத் திருத்தினேன்.

இங்கே குழாய்த் தண்ணீர் நேரத்துக்குத்தான் வரும். பிடித்து வைக்காமல் முடியாது. ஆனால் அந்த வயசுப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்கத் தெரியாது. நாலு விரல் ஆழத் தண்ணீரே போதும். கத்தவும் முடியாது, பக்கத்து அறையில் இருக்கிற உங்களுக்கு ஒன்றுமே கேட்காது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி.

ஆசையை அடக்கிக்கொள்ளும் பக்குவம் இரண்டரை வயது மூளைக்கு இன்னும் வரவில்லை. அடி வாங்கிய பிள்ளை தண்ணீருக்குப் பயப்படாது, உங்களுக்குத்தான் பயப்படும். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் உள்ளே நுழையும். ஆபத்து நடப்பதும் அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதையே 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. இது இன்னும் பால்குடி மறந்தும் மறக்காத வயசு.

கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பு, ஜன்னல், வாசல் கதவு: என் வீட்டில் "கூடாது" இந்த மூன்றுக்கும்தான். எல்லாவற்றுக்கும் "கூடாது, கூடாது" என்றால் அந்தச் சொல் காதிலேயே ஏறாது. பிளாஸ்டிக் ஸ்டூலை மேடைப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போவேன். தூரத்தில் இருந்து கத்துவதில்லை. முட்டி போட்டு, கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, "அடுப்பு சுடும், கூடாது" என்று ஒரே தடவை. பிறகு கீழ் டிராயருக்குக் கூட்டிப்போவேன். அதில் டம்ளர், கரண்டி, பழைய டப்பா எல்லாம் அவர்களுக்கென்றே இருக்கிறது. புரண்டு அழுதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஆனால் கேட்டதைத் தர மாட்டேன். பாதி நேரம் அது பசி, இல்லை தூக்கம்.

கட்டிலையும் சோபாவையும் ஜன்னலோரம் போடாதீர்கள், கிரில் இல்லாத புது அபார்ட்மென்ட் என்றால் கட்டாயமாக. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் கொதிக்கும் சாம்பார், ரசப் பாத்திரத்தைக் குழந்தை கை எட்டாத இடத்தில் வைத்துப் பரிமாறுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். பினாயில், கொசு விரட்டி திரவம், பாச்சை உருண்டை எல்லாம் மேல் அலமாரிக்குப் போகட்டும், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரமும் பேசலாம்.

பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான் என்றால், தாழ்ப்பாள் எங்கே போடுவது என்று அவரையே கேளுங்கள். அந்த மூன்று "கூடாது" எவை என்பதையும் அவர், நீங்கள், உங்கள் கணவர் மூவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அம்மா தடுத்ததைப் பாட்டி சிரித்துக்கொண்டே விட்டால், பையன் இரண்டு பேரையுமே கேட்க மாட்டான்.