கீழே இறங்கியவருக்கும் விடை தெரியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனிதர் ஆழ்கடலில் இறங்கிய கதையை நீங்கள் எழுதியிருந்ததை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். மறுநாள் அழுத்தம் பற்றிய பாடத்தைத் தொடங்கியதும் அதே கண்கள் சோர்ந்துவிட்டன. ஒரு மாணவன் மட்டும், “எந்திரங்கள்தான் இறங்குகின்றனவே, மனிதர் ஏன் போகவேண்டும்?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

— ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அளக்கவும் படமெடுக்கவும் எந்திரங்கள் போதும், பல வேளைகளில் மனிதரைவிட மேல். இதை அவனிடம் மறைக்கவேண்டாம். டைட்டானிக்கின் சிதைவை 1985-இல் முதலில் கண்டதுகூட ஆளில்லாத கேமராக் கலம்தான். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியது அதை இயக்கிய குழுவை வழிநடத்திய ராபர்ட் பல்லார்டுக்கு. கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

வியப்பு ஒரு நாளில் வடிந்துவிடும். நான் எழுதியதில் இருந்த குறையும் அதுதான். எல்லாம் கண்டு முடித்தாயிற்று என்பதுபோல் எழுதிவிட்டேன். கீழே இறங்கியவர்கள் விடை தெரியாமல் விழித்து நின்ற இடங்களைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

1977-இல் ஆல்வின் என்ற நீர்மூழ்கிக் கலம் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் தேடிப்போனது கடலடி வெந்நீர் ஊற்றுகளை. வெயிலே எட்டாத அந்த இருளில் ஊற்றைச் சுற்றி உயிர்கள் மொய்த்துக் கிடந்தன. அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. அங்கே வாழும் பெரிய குழாய்ப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. பிறகு எதைத் தின்று வாழ்கிறது?

இந்தக் கேள்வியோடு கதையை நிறுத்திவிட்டு, ஒரு நாள் காத்திருங்கள். பிறகு கொலீன் கவனாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1980-இல் அவர் ஹார்வர்டில் முதலாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாக மெரிடித் ஜோன்ஸ் என்ற நிபுணர் உரையில் குறிப்பிட்டார். உடனே எழுந்து, அப்படியானால் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியா உள்ளேயே குடியிருந்து புழுவுக்கு உணவு தருகிறது என்றார் அந்த மாணவி. அவருடைய ஆய்வு 1981-இல் வெளியானது. அவர் சொன்னது சரி. பெரியவர்கள் நிறைந்த அறையில் மாணவி ஒருத்தி எழுந்து நின்ற அந்தக் கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி உங்கள் அழுத்தப் பாடம். புளோரிடாவின் கீ லார்கோவுக்கு அருகே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் அக்வேரியஸ் என்ற ஆய்வகம் இருக்கிறது. மேலிருந்து இறங்குபவர் ஒரு நாளில் ஒரு மணி நேரம் அளவுக்கே அங்கே வேலை செய்யமுடியும். அங்கேயே தங்கியிருப்பவரோ ஒன்பது மணி நேரம் வரை வெளியே நீந்தி ஆராயலாம். அழுத்தத்தில், மூச்சில் போகும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலுக்குள் கரைகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் உடல் கொள்ளும் அளவு நிரம்பிவிடும், அதன் பிறகு அதிகமாகாது. ஆகவே இரண்டு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் மேலே வருவதற்கு முன் அழுத்தத்தைக் குறைக்க ஆகும் நேரம் ஒன்றே, ஏறத்தாழ 17 மணி நேரம்.

வகுப்புக்கு ஒரு சோடா பாட்டில் எடுத்துப் போங்கள். மூடியிருக்கும்போது குமிழி இல்லை, திறந்ததும் பொங்குகிறது. ஏன் என்று நீங்கள் சொல்லவேண்டாம். பத்து நாள் கடலடியில் இருந்தவர் சட்டென்று மேலே வந்தால் அவர் இரத்தத்தில் என்ன நடக்கும் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை, தவறான ஊகங்களையும் சேர்த்து, எனக்கு எழுதுங்கள். அந்த மாணவன் அடுத்து என்ன கேட்டான் என்பதையும்.