கடவுளின் குடும்பத்தில் நமக்குள்ள இடம்: கீழ்ப்படிதல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: தந்தையே, தாயும் சகோதரர்களும் வெளியே காத்திருக்கையில் “யார் என் தாய்?” என்று இயேசு கேட்டது, அன்னை மரியாவை ஒதுக்கியதாகாதா?

பதில்: ஆகாது. மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். உள்ளே மக்கள் இயேசுவைச் சூழ்ந்து அமர்ந்திருக்கிறார்கள். உறவினரோ வெளியே நின்றபடி ஆள் அனுப்புகிறார்கள். அவர் தம்மைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களைப் பார்த்து, கடவுளின் திருவுளத்தை நிறைவேற்றுபவரே தமக்குச் சகோதரரும் சகோதரியும் தாயும் ஆவார் என்கிறார். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும், நாசரேத்தில் வானதூதரிடம் “உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்” என்று தம்மைக் கையளித்த மரியாவுக்கே முதலிடம். கிறிஸ்துவின் தாயாக இருந்ததைவிட அவருடைய சீடராக இருந்ததே மரியாவுக்குப் பெரும் பேறு என்று புனித அகுஸ்தினார் ஒரு மறையுரையில் கற்பித்திருப்பது இதனால்தான்.

கேள்வி: திருமுழுக்கிலேயே கடவுளின் பிள்ளைகளாகிவிட்டோமே, பிறகு கீழ்ப்படிதல் எதற்கு?

பதில்: பிள்ளை என்னும் உரிமை கொடையாக வந்தது, அதை எவரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. கடவுளை “அப்பா, தந்தையே” என்று அழைக்கும் துணிவைத் தூய ஆவியாரே நமக்குத் தருகிறார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கூறுகிறார். அந்த உறவை அன்றாடம் வாழ்ந்து காட்டுவதே கீழ்ப்படிதல். இயேசு சொன்ன இரு புதல்வர் உவமையில், தந்தையின் திராட்சைத் தோட்டத்துக்குப் போக மாட்டேன் என்று முதலில் மறுத்து, பின்பு மனம் மாறிச் சென்ற மகனே தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றினான் என்பதை, நெடுங்காலம் விலகியிருந்துவிட்டு இனித் திரும்பி வர வெட்கப்படுவோர் நினைவில் கொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கேள்வி: அப்படியானால், மேலிருப்பவர்கள் சொல்வதெல்லாம் கடவுளின் திருவுளமா?

பதில்: இல்லை. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் திருத்தூதர்களும் தங்களை விசாரித்த யூதத் தலைமைச் சங்கத்தின் முன்னிலையிலேயே சொன்னார்கள். பாவம் செய்யச் சொல்லும் கட்டளைக்கு எவரும் கட்டுப்பட்டவர் அல்லர்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் மக்கள், கல்லறைத் தோட்டத்தில் மட்டும் சாதி பார்த்துப் பிரித்து அடக்கம் செய்கிறார்கள். இது குடும்பமா?

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. இதைப் பழக்கம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. இது வெளிப்படையான கீழ்ப்படியாமை. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், சாதி வேறுபாடின்றி எல்லாரும் சமம் என்று வலியுறுத்தி வாழ்ந்தார்; சிறையும் சித்திரவதையும் தாங்கி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது மகிழ்ந்து கொண்டாடிய நாம், கல்லறையில் சுவர் எழுப்பி வைத்துக்கொண்டு அவரிடம் எப்படி மன்றாட முடியும்? பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிடமும் இதை எழுத்து வடிவில் கொடுங்கள். அவர்கள் தயங்கினால் ஆயரிடம் செல்லுங்கள். தனியாகப் போகாமல், இரு தரப்புக் குடும்பங்களிலிருந்தும் சிலரைச் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள்.