ரயில் மாடலில் மலையைப் பிரித்துக் கட்ட என்ன வாங்குவது?

கேள்வி: மாடி அறையில் எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட்டில் எச்ஓ அளவு ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேனுங்க. ஏழு வருசத்துக்கு முன்னால் தெர்மாகோலை அடுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, ஒரு மூலையில் மலை செய்தேன். நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு பக்கம் மாதிரி வரணும் என்று ஆசை. இப்போது வெடிப்பு விட்டு, பச்சை பெயிண்ட்டும் வெளுத்துவிட்டது. மகள் பையன் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன அப்பச்சி, கேக்கா?" என்கிறான். ஆன்லைனில் வெளிநாட்டு மலை கிட் ஒன்று, மரம் புல் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கலாமா? இன்னொன்று, போன மாதம் வாங்கிய எல்எச்பி பெட்டிகள் (புது ரக ரயில் பெட்டியின் மாடல்) மலை டனலுக்குள் உரசுகின்றன, பழைய ரகமான ஐசிஎஃப் பெட்டிகள் நன்றாகப் போகின்றன. பெட்டியில் குறை என்று திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் டனலை மாற்றுவதென்றால் மலையை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும்.

பெட்டியில் குறை இருப்பதாகத் தெரியவில்லைங்க. கடைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். அசல் ஐசிஎஃப் பெட்டி 21.3 மீட்டர், எல்எச்பி 23.5 மீட்டர். எச்ஓ என்பது அசலில் 87-ல் ஒரு பங்கு, ஆகவே உங்கள் மேசையில் ஐசிஎஃப் 24.5 செ.மீ., எல்எச்பி 27 செ.மீ. வர வேண்டும் (சில கம்பெனிகள் பெட்டி நீளத்தைக் குறைத்துச் செய்வதுண்டு, அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்). இரண்டுக்கும் சக்கரத் தொகுதிகளுக்கு நடுவில் உள்ள தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கூடுதல் நீளம் எல்லாம் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டு நிற்கிறது, வளைவில் திரும்பும்போது அந்த முனைதான் வெளிப்பக்கம் வீசும். 18 அங்குல ஆரமுள்ள வளைவென்றால் ஐசிஎஃப் முனை ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வெளியே போகும், எல்எச்பி முனை 12 மில்லிமீட்டர். அந்த மூன்றரை மில்லிமீட்டரில்தான் உங்கள் டனல் சுவர் நிற்கிறது. அளவு சரியாக இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் காரணம் இல்லை.

புது டனல் கட்டும்போது அளவை யாரிடமும் கேட்க வேண்டாம். எல்எச்பி பெட்டியின் நாலு மூலையிலும், நடுவில் வளைவின் உள்பக்கம் பார்த்த ஓரத்திலும், பென்சில் முனையை டேப் போட்டு ஒட்டி, தண்டவாளத்தின் இரு பக்கமும் வெள்ளைத்தாள் விரித்து, கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பெட்டியே கோடு போட்டுக் காட்டிவிடும். அந்தக் கோட்டிலிருந்து இன்னும் அரை செ.மீ. தள்ளிச் சுவர் வையுங்கள். மலையின் பின்பக்கம் ஒரு கை முழுசாக நுழையும் அளவுக்கு வாசல் விடுங்கள். ரயில் தடம் புரளும்போது டனலுக்குள் போய்த்தான் புரளும், இதற்கு விதிவிலக்கு நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது கிட். வாங்காதீர்கள்.

விலைக்காக மட்டும் சொல்லவில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் ஆனது, மாடல் ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. அப்போதிருந்தே வெளிநாட்டுச் சரக்கு என்றால் வரி, கூரியர், இடையில் இருப்பவர் லாபம் எல்லாம் அந்த அட்டைப்பெட்டி மேல் ஏறித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. ஆனால் உங்கள் மலை கேக் மாதிரி இருப்பதற்குக் காரணம் பொருள் இல்லை, அதன் வடிவம். ஒன்றரை அடி உயர மலையை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 40 மீட்டர்கூட வராது. பதின்மூன்று மாடிக் கட்டடம் அளவு. அந்த உயரத்துக்கு ஒரு உச்சி, சுற்றி நாலு பக்கமும் சரிவு என்று செய்தால் அது கொலுப் பார்க்கில் வைக்கும் மலையாகத்தான் தெரியும், எத்தனை ஆயிரம் ரூபாய்ப் புல்லை ஒட்டினாலும் சரி. உச்சியைக் காட்டாதீர்கள். மலையின் ஒரு சரிவை மட்டும் செய்து, அதைப் பின்சுவர் வரைக்கும் ஏற்றி, மேலே வெட்டிவிடுங்கள், மிச்சத்தைச் சுவரில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலாக வரைந்துவிட்டால் கண் தானாகவே மீதி மலையைக் கட்டிக்கொள்ளும். கல்லாறு ஸ்டேஷன் பக்கம் நின்றால் நமக்கு எந்த உச்சி தெரிகிறது? பாக்குத் தோப்பு, அதற்கு மேல் புதர், அதற்கு மேல் பாறை, அப்புறம் மேகம்.

அதனால் 18,500 எடுத்து வைக்கும் முன்னால் பஸ் டிக்கெட் வாங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ரோட்டில் கல்லாறு, பர்லியார் வரை போய், ரோட்டு ஓரமாகவே நின்று சரிவுகளைப் போட்டோ எடுங்கள் (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், யானையும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது). மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் போயிருந்தேன். சாலைக்காக வெட்டிய பாறை கருநீலமாக, ஈரத்தில் கிட்டத்தட்ட ஸ்லேட்டுப் பலகை மாதிரி நின்றது, விரிசலில் செம்மண் வழிந்து காய்ந்த கோடு, அந்தக் கோட்டிலேயே பிடித்துக்கொண்டு ஒரு கைப்பிடிப் புல். கிட்டோடு வரும் மலைத்தோல் ஐரோப்பிய வெளிர் சாம்பல், புல் விரிப்பு கிளிப்பச்சை. அந்தப் பச்சை மார்ச் மாதத்தில் நம் பக்கம் எந்த மலை அடிவாரத்திலும் இருக்காது, காய்ந்த வைக்கோல் நிறம்தான் இருக்கும்.

மலையின் உடம்புக்கு வேண்டியதெல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். பழைய தெர்மாகோல் நன்றாக இருந்தால் அப்படியே கத்தியால் செதுக்கி வடிவத்தை மாற்றுங்கள், செதுக்கும்போது பறக்கும் மணியைத் துடைப்பத்தால் துரத்தாதீர்கள், வேக்குவம் க்ளீனர் வைத்து இழுத்துவிடுங்கள். அதன்மேல் தோலுக்கு நான் பிளாஸ்டரைவிடப் பனியன் துணியைத்தான் சொல்வேன். திருப்பூர் வேஸ்ட் துணி கிலோக் கணக்கில் விற்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர், கொஞ்சம் சாக்பவுடர் கலந்து அதில் துணியை முக்கிப் பிழிந்து, சுருக்கம் சுருக்கமாக மேலே போர்த்தினால் இரண்டு நாளில் ஓடு மாதிரி இறுகிவிடும். எடை இல்லை. உங்கள் பழைய மலை வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ப்ளைவுட் அசைந்திருக்கும், கனமாகப் பூசிய பிளாஸ்டர் கூடவே அசையாது. துணி அசைந்து கொடுக்கும்.

பாறை முகத்துக்கு மட்டும் பிளாஸ்டர் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, நானே ஏமாந்தது. ஐப்பசி மழையில், கடையில் வாய் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து ரெண்டு கிலோ அள்ளிக் கொடுத்தார்கள், வாங்கி வந்து பூசினேன், மறுநாள் காலையில் தொட்டால் தயிர்சாதம் மாதிரி இருந்தது, சாயங்காலம் டனல் வாய் மொத்தமும் சரிந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்த பிளாஸ்டர் அப்புறம் சரியாக இறுகாது. மூடிய பாக்கெட்டில், தயாரித்த மாதம் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் குழைத்துப் பாருங்கள், சுமார் கால் மணி நேரத்தில் லேசாகச் சூடாகி இறுக வேண்டும். இல்லையென்றால் எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பேண்டேஜை மெடிக்கல் ஷாப்பில் வாங்கலாம், உறை பிரிக்காமல் வருவதால் கெட்டுப்போயிருக்க வாய்ப்புக் குறைவு, வெளிநாட்டில் மாடல் கடைகளில் விற்கும் பிளாஸ்டர் துணியும் அடிப்படையில் இதேதான். குழைத்த மீதியை மட்டும் வாஷ்பேசினில் கொட்டிவிடாதீர்கள், குழாய்க்குள்ளும் அது இறுகும்.

மண்ணுக்குச் சலித்த ஆற்று மணலோ கிரஷர் தூளோ போதும். தூவும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி எடுங்கள், இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டார் இழுத்துக்கொள்ளும். தேங்காய் நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கம் மலிவு, நிறமும் அருமை, ஆனால் நன்றாகக் கழுவி வெயிலில் சருகாகக் காய வைக்காமல் போட்டால் பூசணம் பிடிக்கும், ஈரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் இரும்பைத் துருவேற்றும்.

மரம்தான் எல்லோரும் பணத்தை விடும் இடம். கிட்டில் வரும் மரங்கள் பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. 8 செ.மீ. என்றால் அசலில் 7 மீட்டர், வேலி ஓரத்து மரம். 15 மீட்டர் மரம் என்றால் உங்கள் லேஅவுட்டில் 17 செ.மீ. நிற்க வேண்டும். முன்வரிசைக்கு அந்த உயரத்தில் நாலே நாலு செய்துகொள்ளுங்கள், பின்னால் போகப் போகச் சின்னதாக்குங்கள், சின்ன மரம் தூரத்து மரமாகத் தெரியும். பாக்கு மரத்துக்கு ஊதுபத்தி செய்யும் வெறும் மூங்கில் குச்சி கச்சிதம், 20 செ.மீ. குச்சி 17 மீட்டர் மரம், கனமும் ஏறக்குறையப் பொருந்தும். கொண்டைக்குக் கத்தரித்த காகிதம்.

கடைசியில் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று, 2 முதல் 4 மி.மீ. நீளமுள்ள நிற்கும் புல் இழை, வைக்கோல் நிறத்தில் ஒன்று, மங்கிய பச்சையில் ஒன்று. பனியனில் வெல்வெட் பிரிண்ட் போடும் ஃபிளாக் தூள் பாசிக்குச் சரியாக இருக்கும், புல்லுக்கு நீளம் போதாது. இழையை நிமிர்த்தி நிற்கவைக்க ஒரு மின் கருவி வேண்டும், கொசு பேட்டைப் பிரித்து டீ வடிகட்டியோடு இணைத்து அதைச் செய்யும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும், ஒரே ஒரு மலைக்காக அதில் இறங்க வேண்டாம், வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மலையைத் திருத்திக் கொடுக்க ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், முழுப்பணமும் முன்கூட்டியே வேண்டுமாம். பில் கிடையாதாம். ஆள் நல்ல கைவேலைக்காரர். (வாசகர், ஈரோடு)

பதில்: கைவேலை நன்றாக இருக்கட்டும், பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். வடிவம் முடிந்து, உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டி டனல் வழியாக உரசாமல் போனதும் ஒரு பங்கு, நிறம் முடிந்ததும் ஒரு பங்கு, மீதி ஒரு மாதம் கழித்து, வெடிப்பு விடவில்லை என்று பார்த்துவிட்டு. சாமான் வாங்கக் கையில் காசு இல்லை என்றால் சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். என்ன செய்யப் போகிறார், என்ன அளவு, எப்போது முடியும் என்பதை வாட்ஸப்பிலாவது எழுதி அவரைச் "சரி" என்று பதில் போட வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். பில்லே தரமாட்டேன் என்பவருக்கு முழு முன்பணம் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: ஆன்லைனில் 12 செ.மீ. மரம் என்று படம் போட்டிருந்ததைப் பார்த்து ஆர்டர் போட்டேன், வந்தது 4 செ.மீ. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்கிறார்கள். (வாசகர், உடுமலை)

பதில்: பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் ஒன்றும் ஓடிப்போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேலே போவதென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

ஆனால் ஒன்று. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், எடுக்கும்போது கீழே சின்ன எழுத்தில் "உயரம் 3–12 செ.மீ., கலந்து வரும்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கட்சி பலவீனம், அந்த 4 செ.மீ. மரங்களைப் பின்சரிவில் நட்டுவிடுங்கள்.

கேள்வி: தெர்மாகோலை ஒட்ட ரப்பர் பசை தடவினேன், மலையில் பள்ளம் விழுந்துவிட்டது. (வாசகர், தாராபுரம்)

பதில்: அந்தப் பசையிலும் ஸ்ப்ரே பெயிண்ட்டிலும் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் தண்ணீர் பெயிண்ட்டும் மட்டும். விழுந்த பள்ளத்தை ஓடையாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மருமகன் ஜெர்மனியிலிருந்து தீபாவளிக்கு வருகிறார். என்ன வாங்கிவரச் சொல்லலாம்? (வாசகர், பல்லடம்)

பதில்: புல் இழையும், கொத்துக் கொத்தாக ஒட்டும் புல்லும். எடையே இருக்காது. ஒட்டும் ஸ்ப்ரே, பெயிண்ட் ஸ்ப்ரே சொல்லிவிடாதீர்கள், தீப்பிடிக்கும் சரக்கு என்று ஏர்போர்ட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.