நக்கலுக்கு ஓர் இடம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எனக்கும் கோவைதான் ஊர். வேலை கிடைத்து ம்யூனிக் வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஸ்டுட்கார்ட்டிலிருந்து நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். ஆபீஸ், வீடு எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த கதையெல்லாம் எதற்காக எழுதுகிறீர்கள்? ஊர் ஏக்கமா? எழுதுவதுதான் எழுதுகிறீர்கள், ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நாலு பேர் படிப்பார்களே? எனக்கும் எழுத ஆசை உண்டு. ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. குளித்து முடித்ததும் கண்ணாடித் தடுப்பைத் துடைக்கச் சொல்லி வீட்டுக்காரர் ஒரு ரப்பர் துடைப்பான் கொடுத்திருக்கிறார். இதையா எழுதுவது?

ஒரு வாசகர், ம்யூனிக்

அன்புள்ள தம்பி,

ஊர் ஏக்கம் இல்லை என்றால் பொய். ஆனால் அதற்காக யாரும் மெனக்கெட்டு எழுத வேண்டியதில்லை. இங்கே கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது. அம்மா முகத்தைத் தினமும் வீடியோவில் பார்த்துவிடலாம். கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியதை மறந்து, அம்மா தூங்கப்போன பிறகு கூப்பிட்டுத் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான்.

என் காரணம் வேறு. ஜெர்மன் மொழியில் நான் ரொம்ப நல்லவன். யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஏனென்றால் எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு வாய் வராது.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிய எங்கள் சுவேபியப் பக்கத்தில் 'கேர்வொஹே' என்று ஒன்று உண்டு, பெருக்கும் வாரம். மாடிப்படியை வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அதை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். 1492ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது என்கிறார்கள். 1988இல் நகராட்சியே தன் விதியைக் கைவிட்டுவிட்டது. வாடகை ஒப்பந்தங்கள் விடவில்லை, கீழ் வீட்டுப் பாட்டியும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் படியைத் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது பாட்டி கைப்பிடிச் சுவரின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலை என் கண் முன்னால் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. தூசி இருந்தது, மறுக்க முடியாது. கோவையாக இருந்தால், "அடுத்த வாரம் சாணி தெளிச்சுக் கோலமும் போட்டுடறனுங் பாட்டி" என்று வாயில் வந்திருக்கும். பாட்டியும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பார், கடைசியில் ஒரு டம்ளர் மோரில் போய் முடிந்திருக்கும். இங்கே என்னால் சொல்ல முடிந்தது, "மன்னிக்கவும், மறுபடி துடைக்கிறேன்" மட்டும்தான். மேலே வந்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் தமிழில் எழுதினேன். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆங்கிலம் ஏன் இல்லை என்றால், இத்தனை வருஷம் அதில் ஆபீஸ் மின்னஞ்சல் மட்டுமே எழுதி எழுதி, கோபத்தைக்கூட 'கனிவான நினைவூட்டல்' என்றுதான் எழுத வருகிறது.

இது நம் தலைமுறையில் முளைத்த வியாதி இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், இருபதுகளில் இருந்த ஆள், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகியவர். பகலில் மணலில் 'அ' எழுதுகிற பிள்ளை. பேனாவைத் தொட்டு ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு எழுத உட்கார்ந்தால்தான் பெரிய மனுஷன். எழுதித் தள்ளினார். 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அந்தக் கடிதங்களை அச்சிட்டார்கள். ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி அனுப்பினார் பாருங்கள், அதை மட்டும் அச்சேற்றவில்லை. மதம் பரப்பப் போனவருக்கு ஊர்ச்சாமிக் கதை எதற்கு என்பது மேலிடத்தின் எண்ணம். 1867இல்தான் அது சென்னையில் புத்தகமாக வந்தது. இன்றைக்கு நம்மவர்கள் தேடிப் படிப்பது அதைத்தான். சொல்லிக்கொள்கிற மாதிரி எது, இல்லாதது எது என்று எழுதும் முன்பே நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

சரி, உங்கள் ரப்பர் துடைப்பானுக்கு வருவோம். ம்யூனிக் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஒரு வாரம் துடைக்காவிட்டால் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள் என்ற பயம் வேறு. சிறுவாணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன், குளித்த ஈரம் காயும் முன்பே துண்டோடு நின்று கண்ணாடிக்குச் சவரம் செய்கிறான். இதை நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது?

அப்புறம், எழுத ஆரம்பித்தால் அம்மாவும் படிப்பார் என்பதை நினைவில் வையுங்கள். போனில் "நல்லாருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு, அதே ராத்திரி காய்ச்சலில் தனியாகக் கிடந்ததை எழுதி வைத்தால், மறுநாள் சித்தி, பெரியம்மா என்று வரிசையாக அழைப்பு வரும். காய்ச்சல் விட்ட பிறகு எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் தெருப் பெயரும் வேண்டாம். மேனேஜரைப் பற்றி மட்டும் எழுதவே எழுதாதீர்கள், மொழிபெயர்க்கும் செயலிகள் இப்போது தமிழையும் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன.