சுவர் யூ.எஸ்.பி. சாக்கெட் சூடாகிறது: மாற்றுவதற்கு முன்

வணக்கம். கட்டில் அருகே பொருத்திய யூ.எஸ்.பி. சாக்கெட் இரவெல்லாம் சூடாக இருப்பதாகவும், சார்ஜ் ஏறும்போது போனைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். குழந்தை தூங்கும் அறை என்கிறீர்களே!

அதற்குள் இருப்பது 230 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறிய சர்க்யூட். இரண்டுக்கும் இடையிலான காப்பு (இன்சுலேஷன்) தரமாக இல்லையென்றால் வீட்டு மின்சாரமே கேபிள் வழியே கைக்கு வந்துவிடும். உங்களுக்குத் தைப்பது சிறு கசிவா, காப்புப் பழுதா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. கழற்றிவிடுவதே நல்லது. மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

புதிதாக வாங்கும்போது விலையை விட, பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) குறியையும் அதனுடன் அச்சிட்ட எண்ணையும் பாருங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். சாக்கெட்டில் ‘2.4 ஆம்பியர்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு யூ.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்த மொத்த மின்னோட்டம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். தனி சுவிட்ச் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இரவு பகலாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால், அங்கே சாதாரண மூன்று துளை சாக்கெட் போட்டு, போன் நிறுவனத்தின் சார்ஜரையே செருகுவேன். பழுதானால் சுவரைத் தொடாமல் மாற்றிவிடலாம்.